மூன்றாவது மாடியின் ஒரு வாரக் குப்பை

எனக்கும் என் அண்ணிக்கும் சண்டையே வந்ததில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நாத்தனாரும் அண்ணியும் ஒரே வீட்டில் இருந்து, ஒரே இடத்தில் வேலை பார்த்து, ஒரே வண்டியைத் தள்ளிக்கொண்டு சண்டை போடாமல் இருக்க முடியுமா? போட்டிருக்கிறோம். வாளி கவிழ்ந்ததற்குப் போட்டிருக்கிறோம், சோப்பு தண்ணீரில் கிடந்து கரைந்ததற்குப் போட்டிருக்கிறோம். ஆனால் நான் இப்போது சொல்லப்போவது அவள் படித்த படிப்பைப் பற்றி. அந்தப் படிப்பின் பெயரால் மூன்றாவது மாடியில் இருக்கும் ஒரு பெண்மணிக்கு நாங்கள் செய்ததைப் பற்றி. அதில் அண்ணியின் தப்பு கால் பங்கு என்றால் என்னுடையது முக்கால். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது.

நாங்கள் வேலை பார்ப்பது நாற்பத்தெட்டு வீடுகள் உள்ள அடுக்குமாடிக் கட்டடத்தில். காலை ஆறரை மணிக்கு வண்டியோடு லிப்டில் உச்சிமாடிக்குப் போய், வாசல் வாசலாகக் குப்பையை எடுத்துக்கொண்டு இறங்குவோம். ஈரக் குப்பைக்குப் பச்சை வாளி, உலர்ந்ததற்கு நீல வாளி, மருந்து, ஊசி, உடைந்த கண்ணாடிக்கெல்லாம் சிவப்பு. வீட்டுக்காரர்களே பிரித்துப் போடவேண்டும் என்பது விதி. விதி லிப்டுக்குள் ஒட்டியிருக்கிறது. குப்பை கலந்துதான் வருகிறது. அதனால் அடித்தளத்தில், தண்ணீர் மோட்டார் அறைக்குப் பக்கத்தில், தகரம் போர்த்திய நீள மேசையில் ஒவ்வொரு பையாக அவிழ்த்துக் கொட்டி நாங்களே பிரிப்போம். பன்னிரண்டு வருஷமாக இந்த வேலை செய்யும் அண்ணிக்கு முடிச்சைப் பார்த்தாலே எந்த வீடு என்று தெரிந்துவிடும்.

"இது செயலாளர் வீடு. மூணு முடிச்சு. மனுஷன் குப்பையைக்கூட நம்பமாட்டாரு" என்பாள். அவிழ்த்தால் உள்ளே வெறும் பால் கவர்தான் இருக்கும்.

வயதில் அவள் என்னைவிட இரண்டு மாதம் சின்னவள். என் அண்ணனைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு எனக்கு அண்ணி ஆனாள். பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே இரண்டாவதாக வந்தவள். அந்த மதிப்பெண் சான்றிதழைப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அண்ணன் பஸ் பணிமனையில் மெக்கானிக். "படிக்கணும்னா படி, யார் வேணாங்கறா" என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அப்படிச் சொல்வதற்கும் வேண்டாம் என்று சொல்வதற்கும் வித்தியாசம் இல்லை என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கடைசியில் வீட்டிலிருந்தபடியே, எந்த வயதிலும், செல்போனிலேயே பட்டப்படிப்பு படிக்கலாம் என்று ஒரு கல்லூரி அறிவித்தபோது, அண்ணி யாரையும் கேட்காமல் சேர்ந்துவிட்டாள். அப்போது அவளுக்கு நாற்பத்தொன்று.

மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை வகுப்பு. அடித்தளத்தில் சிக்னல் கிடைக்காது என்பதால், கார் நிறுத்தத்துக்கு ஏறும் படிக்கட்டில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொள்வாள். போன் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து நிற்கும். பக்கத்தில் நான். அவளுக்குப் பாடம், எனக்கு மத்தியானத் தூக்கம் என்றுதான் ஆரம்பித்தது. ஆனால் 'ஆதி உலக நாகரிகங்கள்' என்ற பாடம் வந்தபிறகு என் தூக்கம் போய்விட்டது. நடத்திய மிஸ் சின்னப் பெண். அவருக்குப் பின்னால் ஒரு புத்தக அலமாரி தெரியும், அவ்வப்போது ஒரு குழந்தையின் கை வந்து ஒரு புத்தகத்தை உருவிக்கொண்டு போகும். மிஸ் திரும்பிக்கூடப் பார்க்காமல் களிமண் பலகை எழுத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் ஊருக் என்கிற ஐயாயிரம் வருஷத்து நகரத்தைப் பற்றிச் சொன்னார். அங்கே தோண்டினால் ஒரே மாதிரி முரட்டு மண்கிண்ணங்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றனவாம். அழகும் இல்லை, வழவழப்பும் இல்லை, பல கிண்ணங்கள் உடையாமலே தூக்கிப் போடப்பட்டிருக்கின்றன. ஏன் என்று கேட்டார். ஒருவர் சாமிக்குப் படைக்க என்றார், ஒருவர் போர் என்றார். அண்ணி அதுவரை வகுப்பில் வாயைத் திறந்ததே இல்லை. அன்றைக்கு மைக்கைத் திறந்துவிட்டாள்.

"கழுவறதவிடப் புதுசா செய்யறது சுலபமா இருந்திருக்கும் மிஸ். வேலைக்கு வர்றவங்களுக்கு அதுல அளந்து குடுத்திருப்பாங்க. வாங்கித் தின்னுட்டு அங்கயே போட்டுட்டுப் போயிருப்பாங்க. எங்க பில்டிங்ல ஏதாவது கூட்டம் நடந்தா காகிதக் கப்பு இப்படித்தான் குவியும்."

"ஆராய்ச்சியாளர்கள்ல நிறையப் பேர் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்றாங்க. நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்றார் மிஸ்.

"குப்பை பிரிக்கற வேலை மிஸ்" என்றாள் அண்ணி. அதைச் சொல்லும்போது அவள் குரல் தாழவில்லை. பக்கத்தில் இருந்த எனக்குத்தான் காது சுட்டது.

படிக்கிற ஆசை இருந்ததே தவிரக் கண் ஒத்துழைக்கவில்லை. போனைக் கை நீட்டிப் பிடித்தால் எழுத்து சிறிது, கிட்டே பிடித்தால் மங்கல். அவள் இப்படிப் போனோடு மல்லுக்கட்டுவதை ஒருநாள் கண்ணாடிக்காரம்மா பார்த்துவிட்டார். மூன்றாவது மாடியில் இருப்பவர், இரண்டு தெரு தள்ளி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஐம்பது வயதிருக்கும். "சாயங்காலம் கடைக்கு வா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். போனோம். தானே கண்ணைப் பரிசோதித்து, பழுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டார். "படிக்கற கண்ணு, பாத்துக்கோ" என்றார். எங்களை உட்காரவைத்துப் பேசியதே அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவர்தான்.

அவருடைய கணவருக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் நாலு மாதம்தான் வீட்டில் இருப்பார் என்று எல்லாருக்கும் தெரியும். "நேத்துதான் வந்தாரு, இன்னிக்குக் காலைல கிளம்பிட்டாரு, பாக்கலியா?" என்பார் லிப்டில் யாராவது விசாரித்தால். நானும் பார்த்ததில்லை. கப்பல்காரர்கள் அப்படித்தான் போல என்று இருந்துவிட்டேன்.

அரையாண்டுக்கு மிஸ் ஒரு பயிற்சி கொடுத்தார். "கல்வெட்டு ராஜா சொன்னதை எழுதும். குப்பைமேடு நடந்ததை எழுதும். கல்வெட்டு பொய் சொல்லும், குப்பை சொல்லாது" என்றார். ஒரு வீட்டின் ஒரு வாரக் குப்பையை எடுத்துக்கொள்ளவேண்டும். நாலாயிரம் வருஷம் கழித்து வந்து தோண்டிப் பார்க்கிறவரைப்போல, அங்கே யார் வாழ்ந்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்று எழுதவேண்டும். இருபது மதிப்பெண். "உங்க வீட்டுக் குப்பையே போதும்" என்றார்.

அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. ஊரெல்லாம் விழிபிதுங்கிக்கொண்டிருக்கும் கேள்வி அவளுக்குத் தினசரி வேலை. அன்று மாலையே எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் பழைய பேப்பரை விரித்து ஆரம்பித்துவிட்டாள். மூன்றாம் நாள் கிழிந்த காகிதத் துண்டுகள் வந்தன. களிமண் பலகைத் துண்டுகளை ஒட்டவைப்பதுபோல் அவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டே வந்தவள், முதல் வரி சேர்ந்ததும் நிறுத்திவிட்டாள்.

இங்கேதான் என் கதையைச் சொல்லவேண்டியிருக்கிறது. என் கணவர் என்னை வேண்டாம் என்று சொல்லி அப்போதே மூன்று வருஷம் ஆகியிருந்தது. அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். தெருவிலும் வேலை இடத்திலும் அவர் வெளியூரில் வேலையாக இருக்கிறார், லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்திருந்தேன். அவர் என் எண்ணைத் தடுத்து வைத்திருந்ததால், அண்ணன் மகளின் பழைய நோட்டில் தாள் கிழித்து அவருக்குக் கடிதம் எழுதுவேன். எழுதிவிட்டு அனுப்பாமல் கிழித்துப் போடுவேன். அண்ணி சேர்த்து வைத்தது அதைத்தான்.

துண்டுகளை உள்ளங்கையில் அள்ளிக்கொண்டு வந்து என் கையில் கொட்டினாள். "ஒரு வரிக்கு மேல படிக்கல. நம்ம வீடு வேணாம், விட்டுடறேன்" என்றாள்.

"அப்ப மார்க்கு?"

"வேற ஏதாவது வீடு பாக்கலாம்."

யோசிக்காமல் சொன்னேன். யோசித்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. "கண்ணாடிக்காரம்மா வீடு எழுதுங்களேன் அண்ணி. நம்ம மேல பிரியமா இருக்கறவங்க. தெரிஞ்சாலும் தப்பா நினைக்கமாட்டாங்க." நம்மிடம் அன்பாக இருப்பவர்களிடம்தான் நாம் முதலில் கை வைக்கிறோம். பொல்லாதவர்கள் வீட்டை எழுதச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லையே.

ஒரு வாரம் அந்த வீட்டுப் பையை மட்டும் தனியாக வைத்துப் பிரித்தோம். கண்ணாடி துடைக்கும் ஈரத்தாள்கள், எறும்பளவு ஸ்க்ரூக்கள், மூக்கில் அழுந்தும் சின்ன ரப்பர் வில்லைகள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு தேயிலைப் பை. ஒரு ஆளுக்கான சாப்பாட்டுப் பொட்டலம். இதெல்லாம் பையின் அடியில் இருந்தது. மேலாக, கண்ணாடிபோன்ற அந்தப் பை வழியே வெளியே தெரியும்படி, வேறு சாமான்கள் இருந்தன. ஆண்கள் சவரம் செய்யும் ரேஸர் இரண்டு. காலி சிகரெட் பெட்டி ஒன்று. ஆண் சாக்ஸ் ஒற்றை.

அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரேஸரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். முடி இல்லை. சோப்பு படிந்த தடம் இல்லை. முனை மழுங்கவே இல்லை. சிகரெட் பெட்டி இருந்தது, துண்டு இல்லை, சாம்பல் இல்லை. அடியில் ஒரு காகிதத்தில் சுருட்டி, பற்றவைக்காத பத்து சிகரெட்டும் நனைந்து கிடந்தன.

"மேல் அடுக்கு" என்றாள் அண்ணி, மிஸ் சொல்வதைப்போலவே. "பை நிறைஞ்சதுக்கு அப்புறம் போட்டது. நாம பாக்கறதுக்காகப் போட்டது."

"அப்ப அவரு?"

"அவரு இல்ல. இந்தம்மா இங்க குடி வந்து ஒரு வருஷம் ஆச்சு, அவரு வந்ததே இல்ல. எனக்கு இது புதுசு இல்ல."

அவளுக்கு ஒரு வருஷமாகத் தெரிந்திருக்கிறது. பக்கத்திலேயே நிற்கும் என்னிடம்கூட மூச்சு விட்டதில்லை. ஆனால் அதைவிட எனக்கு வேறொன்று நன்றாக நினைவிருக்கிறது. சொல்லவே கூசுகிறது. கடை வைத்திருக்கிறவர், லிப்டில் நாலு பேர் வணக்கம் சொல்கிறவர், அவருக்கும் என் கதைதான் என்று தெரிந்ததும் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. ஐயோ பாவம் என்று வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது.

அண்ணி இரண்டு நாள் எழுதினாள். பெயர் போடவில்லை, வீட்டு எண் போடவில்லை, கட்டடத்தைச் சொல்லவில்லை. 'இவ்வீட்டில் இருவர் வாழ்வதாகக் குப்பையின் மேலடுக்கு சொல்கிறது. கீழடுக்கு ஒருவரையே சொல்கிறது' என்று எழுதியிருந்தாள். 'கல்வெட்டைப்போலவே குப்பையாலும் பொய் சொல்ல முடியும்' என்று முடித்திருந்தாள். மிஸ் அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார். "நான் சொன்னதையே இவங்க தப்புன்னு நிரூபிச்சிட்டாங்க" என்று சிரித்தார். இருபதுக்குப் பத்தொன்பது. கல்லூரியின் இணையப் பக்கத்தில், சிறந்த மாணவர் கட்டுரை என்று அண்ணியின் படத்தோடு போட்டார்கள். படத்தில் அவள் பழுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள்.

எங்கள் கட்டடத்துக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. குப்பை நேரம் மாறினால் தெரிவிப்பதற்காக அண்ணியையும் அதில் சேர்த்திருந்தார்கள். அதில் எங்களைப் பற்றி வருவதெல்லாம் 'குப்பைக்காரி இன்னும் வரவில்லை', 'குப்பைக்காரி வாளியை இடித்துவிட்டாள்' என்பதுதான்.

"இதைக் குரூப்புல போடுங்க அண்ணி. யாரு குப்பைக்காரின்னு இவங்களுக்குத் தெரியட்டும்" என்றேன்.

"வேணாம். அது அவங்க வீடு."

"பேரா போட்டிருக்கீங்க? யாருக்குத் தெரியப்போகுது?"

அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஆசை இருந்தது. பத்தொன்பது வாங்கியதைப் பன்னிரண்டு வருஷமாகத் தன்னைக் கூப்பிட்டு அதட்டுகிறவர்களுக்குக் காட்டவேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை இருக்காது? "சரி, அனுப்பு" என்று போனை என்னிடம் நீட்டினாள். அனுப்பியது என் கட்டைவிரல்.

முதல் அரைமணி நேரம் கைதட்டல்களும் பூங்கொத்துகளும் வந்தன. 'பெருமையாக இருக்கிறது' என்று செயலாளர்கூட எழுதினார். அண்ணி ஒவ்வொன்றுக்கும் நன்றி போட்டாள். பிறகு இரண்டாவது மாடியிலிருந்து ஒருவர் கட்டுரையை முழுக்கப் படித்துவிட்டார் போலிருக்கிறது. 'குட்டி ஸ்க்ரூ, மூக்கு ரப்பர், லென்ஸ் துடைக்கிற தாளா? நம்ம மூணாவது மாடியா?' என்று கேட்டு ஒரு சிரிப்பு முகம் போட்டார். இன்னொருவர், 'கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு' என்று எழுதினார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான் எங்கள் கதை. பெயரை மறைத்தோம். அந்த வீட்டுக்காரர் என்ன தொழில் செய்கிறார் என்று கண்டுபிடித்ததை மட்டும் பெருமையாக ஒரு பத்தி எழுதி வைத்தோம். நாற்பத்தெட்டு வீட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் ஒருவர்தான் என்பது எங்கள் இருவர் மண்டைக்கும் எட்டவில்லை. நாங்கள் நாலாயிரம் வருஷம் தள்ளி நின்று யோசித்துக்கொண்டிருந்தோம். படிக்கிறவர்கள் பக்கத்து வீட்டில் இருந்தார்கள்.

நான் பதறிப்போய்ச் செய்தியை எல்லாருக்கும் அழித்தேன். அழித்தது தெரியும்படி ஒரு வரி அங்கே நின்றது. அது இன்னும் மோசம். அண்ணி மிஸ்ஸைக் கூப்பிட்டுக் கட்டுரையை எடுக்கச் சொன்னாள். ஏன் என்று மிஸ் கேட்டபோது மறைக்காமல் சொன்னாள். அவர், "அடுத்தவங்க வீடுன்னு நீங்க எழுதலியே. நானும் கேக்கல" என்றாராம். சாயங்காலத்துக்குள் எடுத்துவிட்டார்கள். எடுத்து என்ன? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மறுநாள் லிப்டில் நாங்கள் ஏறினால் பேச்சு நின்றது. கண்ணாடிக்காரம்மா ஏறும்போதும் நின்றதாம், வாட்ச்மேன் சொன்னார்.

செயலாளர் எங்களை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். அந்தப் பெண்மணியைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கவலை வேறு. "எங்க வீட்டுப் பையையும் இப்படித்தான் பாப்பீங்களா?" என்றார்.

"பாக்காம எப்படி சார் பிரிக்கறது?" என்றேன் நான். வாய் சும்மா இருக்காது எனக்கு. அண்ணி தலையைக் குனிந்துகொண்டு, "இனிமே நடக்காது சார்" என்றாள். அவள் அப்படிக் குனிந்து நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு எல்லா வீட்டுப் பைகளும் கறுப்பாகிவிட்டன.

மூன்று நாள் மூன்றாவது மாடியில் அந்த வாசலில் பையே இல்லை. நான் அந்தக் கதவைக் கடக்கும்போதெல்லாம் வண்டியைச் சத்தமில்லாமல் தூக்கித் தூக்கித் தள்ளினேன். மணியடித்து மன்னிப்புக் கேட்கலாம் என்று அண்ணி சொன்னாள். நாளைக்கு, நாளைக்கு என்று நான்தான் தள்ளிப்போட்டேன்.

நான்காம் நாள் கதவு திறந்திருந்தது. கடைக்குக் கிளம்பிய உடையில், கையில் கட்டிய கறுப்புப் பையோடு அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். முகம் கழுவித் துடைத்ததுபோல் இருந்தது, கோபம் தெரியவில்லை. அண்ணி கையுறையைக் கழற்றினாள்.

"மன்னிச்சிருங்கம்மா. பேரு போடல, நம்பர் போடல, தெரியாதுன்னு நினைச்சுட்டேன்."

"ஸ்க்ரூவைப் போட்டியே" என்றார் அவர்.

அண்ணி கழற்றிய கையுறையை மடித்தாள்.

"எவ்வளவு மார்க்கு குடுத்தாங்க?"

"பத்தொம்பது."

"எத்தனைக்கு?"

"இருபதுக்கும்மா."

"அந்த ஒண்ணு எதுக்குப் பிடிச்சாங்க?"

அண்ணி சேலை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "அந்த வீட்ல ஏன் அப்படிச் செஞ்சாங்கன்னு நான் எழுதலயாம்."

"கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே" என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. "முன்ன இருந்த வீட்ல அவர் என்னை விட்டுட்டுப் போயிட்டாருன்னு தெரிஞ்ச வாரமே எல்லாம் மாறிடுச்சு. குழாய் ரிப்பேருக்கு வந்தவன்கூட வேலை முடிஞ்சும் போகாம உக்காந்து பேசறான். கீழ் வீட்டுக்காரர் துணைக்கு வரட்டுமாங்கறாரு. அதான் இங்க வரும்போது வீட்ல ஆள் இருக்குன்னு காட்டிக்கிட்டேன். குப்பை எடுக்கறவங்க வாய் வழியாத்தான் எல்லாம் பரவும்னு நினைச்சு மேலயே போட்டேன்." பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். "பத்து நாள்லயே உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு எனக்குத் தெரியும். நீ பாக்காம விடற ஆளா? ஒரு வருஷமா பில்டிங்ல ஒரு பேச்சு வரல. இந்தப் பொண்ணு வாயைத் திறக்கலன்னு புரிஞ்சுது. அதுக்கு நன்றின்னு எப்படிச் சொல்றது? கண்ணாடியைக் குடுத்தேன்."

அண்ணி அழுதாள். சத்தமில்லாமல், பன்னிரண்டு வருஷம் வேலை செய்த இடத்தின் நடுவழியில் நின்று அழுதாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அதில் பெயிண்ட் உரிந்த இடத்தைச் சுரண்டிக்கொண்டு நின்றேன்.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன்" என்றார் அவர். "கட்டுரைக்கு மேலயே கேள்வி போட்டிருந்துச்சு. 'ஒரு வீட்டின் ஒரு வாரக் குப்பை, தங்கள் வீடே போதும்'ன்னுதான் இருந்துச்சு. உங்க வீட்டை ஏன் எழுதல?"

அண்ணி என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருக்க அவள் எவ்வளவு பாடுபட்டாள் என்று அவள் கழுத்து நரம்பைப் பார்த்த எனக்குத் தெரியும். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். என்னாலதாம்மா, எங்க வீட்டுக் குப்பையில என் கதை இருந்துச்சு, எனக்கும் உங்க கதைதான். அவ்வளவுதான். அவருக்கு அது மருந்தாகக்கூட இருந்திருக்கும். வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது, ஒரு பெண் பேப்பர் எடுக்கக் குனிந்தாள். நான் அவளுடைய செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எங்க வீட்ல எழுதற அளவுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றாள் அண்ணி.

கண்ணாடிக்காரம்மா அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்படியா? குடுத்து வச்சவங்க" என்றார். பையை எங்களிடம் தரவில்லை. கையில் தூக்கிக்கொண்டு, லிப்ட் காலியாக நின்றும் அதில் ஏறாமல், படி வழியாக இறங்கிப் போனார்.

அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையுறையை மாட்டிக்கொண்டு, அடுத்த வீட்டு மணியை அடித்தாள். வண்டியை நான் தள்ளவேண்டும். தள்ளாமல் நின்றேன். அவள் திரும்பிப் பார்த்து, "வா, நேரமாச்சு" என்றாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அன்றைக்கும் திட்டவில்லை, இன்றுவரை திட்டவில்லை.